ஆடிக்கு வந்த கார்

ஜூலை 17, வியாழன். ஆடி 1

தலை ஆடி. மகள் சிந்துஜாவும் மாப்பிள்ளை ராஜபிரபுவும் காலை பத்தரைக்குத் தேனியிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். கல்யாணமாகி ஐந்து மாதம். மாப்பிள்ளை விருந்து சாப்பிட்டு, வேட்டி சட்டை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். பெண் ஆடி முழுவதும் நம்மோடு இருப்பாள். ஆவணி ஒன்றாம் தேதி அவர் வந்து அழைத்துப்போவார். இதுதான் முறை. என் மனைவி தனம் ஆள் வைக்காமல் தானே பிரியாணி கிண்டினாள். மாப்பிள்ளை உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

கை கழுவிவிட்டு வந்தவர் கார் சாவியை என் முன்னால் டீப்பாய்மேல் வைத்தார்.

"செட்டு பாடலை மாமா. ரெண்டு மாசமாச்சு. லைட்டு எரியுது, பாட்டு ஓடுது, சத்தம் மட்டும் வரலை. நீங்க சீரா குடுத்ததுதான, நீங்களே பாத்துச் சரி பண்ணி வைங்க. ஆவணி ஒண்ணு அன்னைக்கு வந்து ரெண்டையும் எடுத்துக்கிறேன்."

ரெண்டையும் என்றால் காரையும் என் மகளையும். மாப்பிள்ளைக்குப் பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல் உண்டு. சிரித்து வைத்தேன். காரை விட்டுவிட்டு அவர் பஸ்ஸில் போனார். மாப்பிள்ளை பஸ்ஸில் போவதைத் தெருவே பார்த்ததே என்று தனத்துக்குப் பெரிய குறை.

"ரெண்டு நாள் வேலை மாப்பிள்ளை" என்று சொல்லி அனுப்பினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான். தொலைபேசி இலாகாவில் முப்பத்துமூன்று வருடம் லைன்மேன். லைன் இருக்கிறது, பேச்சு இல்லை என்று எத்தனை ஆயிரம் புகார் பார்த்திருப்பேன். புகார் புத்தகத்தில் சௌந்தரபாண்டி பெயருக்கு நேரே மூன்றாம் நாள் வரை நின்ற புகார் ஒன்றுகூடக் கிடையாது.

சிந்து இளைத்திருக்கிறாள். தேனித் தண்ணீர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை போல.

ஜூலை 18, வெள்ளி

இலாகா வழக்கப்படியே எழுதுகிறேன். புகார்: செட் எரிகிறது, ஒலி இல்லை. முதலில் பார்க்க வேண்டியது, வாடிக்கையாளர் ஏதாவது முட்டாள்தனம் செய்திருக்கிறாரா என்று. பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். சத்தத்தை யாராவது முழுதாகக் குறைத்திருக்கிறார்களா, ஊமையாக்கும் பொத்தான் அமுங்கியிருக்கிறதா, முன் பின் இடம் வலம் எல்லாம் நடுவில் நிற்கிறதா. எல்லாம் ஒழுங்காக இருந்தன. திரையில் பாட்டின் பெயர் ஓடுகிறது, நிமிடம் நகர்கிறது. கார் மட்டும் கம்மென்று இருக்கிறது.

அடுத்தது, கடைசியாக எப்போது வேலை செய்தது. இதற்கு நானே சாட்சி. மே 11, ஞாயிறு. பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அன்று சிந்து காரிலிருந்து போன் செய்தாள். பாட்டுச் சத்தத்தில் அவள் பேசியது ஒரு வார்த்தை புரியவில்லை. "பாட்டைக் குறைச்சுட்டுக் கூப்பிடு" என்று வைத்துவிட்டேன். பிறகு அவள் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் ஜாலியாகச் சுற்றுகிறார்கள் என்று தனத்திடம் சொல்லியிருக்கிறேன். ஆக மே 11 வரை செட் நல்ல நிலையில் இருந்திருக்கிறது. பழுது அதற்குப் பிறகு வந்தது.

சிந்துவை உதவிக்குக் கூப்பிட்டேன். சின்ன வயதில் சனிக்கிழமை ஆனால் என் சைக்கிள் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு கம்பத்துக்குக் கம்பம் வருவாள். கீழே நின்று டெஸ்ட் போனை அவள்தான் பிடிப்பாள். இலாகாவில் 'குட்டி லைன்மேன்' என்றே பெயர். இன்று "தலை வலிக்குதுப்பா" என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். கல்யாணமானால் எல்லோருக்கும் பழைய விளையாட்டு மறந்துவிடுகிறது.

ஜூலை 20, ஞாயிறு

ஃபியூஸ்கள் நல்லபடியாக இருக்கின்றன. ஸ்பீக்கர் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி டார்ச் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். உயிருள்ள ஸ்பீக்கர் கரக் என்று ஒரு சத்தம் போடும். நான்கும் போட்டன. ஆக ஸ்பீக்கரில் குறையில்லை.

இடப் பக்க சீட்டுக்கு அடியில் ஒரு தோடு கிடைத்தது. கல்யாணத்துக்குச் செய்த ஜோடியில் ஒன்று. திருகாணி வளைந்திருக்கிறது. தனத்திடம் கொடுத்தேன். "கோயில் கூட்டத்துல தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னாளே" என்றாள். தோட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். கிடைத்ததே என்று சந்தோஷப்படத் தெரியாத ஜென்மம்.

ஜூலை 21, திங்கள்

தூறல். காரைத் தொடவில்லை. மாப்பிள்ளை போன் செய்தார். இரண்டு நாள் என்றீர்களே என்றார். செட்டைப் பற்றி நான்கு நிமிடம் பேசினார். சிந்துவிடம் கொடுக்கட்டுமா என்றேன். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

ஜூலை 24, வியாழன்

மானத்தை விட்டு ஜெய்னு பாய் கடைக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கார் செட் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன் இந்தக் காருக்கு எல்லாம் பூட்டியது அவர்தான். செட்டைக் கழற்றித் தன் மேஜையில் வைத்து ஓட்டினார், பாடியது. டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரைக் கழற்றி ஓட்டினார், அதுவும் பாடியது.

"ரெண்டு பேரும் நல்லாருக்காகண்ணே. நடுவுலதான் ஏதோ பிரச்சினை" என்றார். அவருடைய நகைச்சுவை இந்த அளவில்தான் இருக்கும். "சீட்டையெல்லாம் கழட்டணும். விட்டுட்டுப் போங்க, நான் பாக்குறேன்."

நடுவில் இருப்பது வயர். வயர் பார்க்க நான் இன்னொருவனிடம் காரை விட்டுவிட்டுப் போவதா? நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லாவற்றையும் திரும்பப் பூட்டச் சொன்னேன்.

பூட்டிக்கொண்டே பாய் ஒன்று சொன்னார். "ஏப்ரல்ல மாப்ள இங்க வந்தாருல்ல, அப்பதான் இந்தப் பெரிய ஆம்ப் மாட்டுனது. பழசுல சத்தம் பத்தலைன்னாரு. பக்கத்துல இருக்கவுக கத்துனாக்கூடக் கேக்கக் கூடாது பாய், அந்த அளவுக்கு வேணும்னாரு. இந்த வயசுல அப்படித்தாண்ணே கேப்பாக."

ஏப்ரலில் மாப்பிள்ளை திண்டுக்கல் வந்திருக்கிறார். பாய் கடை வரை வந்தவருக்கு நம் வீட்டுக்கு வர வழி தெரியவில்லை. மாமனார் வீட்டில் ஒரு வாய் காபி குடித்தால் என்ன குறைந்துவிடும்? இதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதிவைக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

பாடிவிட்டது.

இந்த ஆம்ப்ளிஃபையர் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். முன்னால் செட்டைப் போட்டதும் அங்கிருந்து ஒரு மெல்லிய நீல வயர் வழியாக 'எழுந்திரு' என்று கரண்ட் வரும். அது வந்தால்தான் ஆம்ப் விழிக்கும், ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைத் தள்ளும். அந்த நீல வயர் தரைவிரிப்புக்கு அடியில் போகிறது. விரிப்பைத் தூக்கி, வயரை நேராக்கி, மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு வோல்ட் வந்தது, உடனே செட் பாடியது. எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருந்திருக்கும். எல்லாவற்றையும் இறுக்கினேன்.

சிந்துவை வலுக்கட்டாயமாக இடப் பக்க சீட்டில் உட்காரவைத்தேன். கதவோரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொள், எந்தப் பக்கம் பாடுகிறது என்று சொல் என்றேன். வலது ஸ்பீக்கரை மட்டும் வைத்தேன். "வலது" என்றாள். இடதை மட்டும் வைத்தேன். "வலது" என்றாள். மூன்று முறை மாற்றி மாற்றி வைத்தேன். மூன்று முறையும் வலது என்றே சொன்னாள்.

பாய் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார் போல என்று அவளை இறக்கிவிட்டு நானே உட்கார்ந்து கேட்டேன். இடது இடதாகத்தான் பாடியது. அவளுக்குக் காது சரியில்லை. போனைக்கூட வந்ததிலிருந்து வலது காதில்தான் வைத்துப் பேசுகிறாள். கேட்டால் சளி என்றாள். தனத்திடம் சுக்குக் கஷாயம் போடச் சொன்னேன்.

ஜூலை 28, திங்கள்

சத்தம் போய்விட்டது. நேற்று மாலை ஆறு மணிக்கு நான் பூட்டும்போது பாடிய செட் இன்று காலை ஒன்பதுக்கு ஊமை.

சாவி ஆணியில் இல்லை. தேடினால் சாமி அலமாரியில் இருக்கிறது. "கூட்டும்போது எடுத்து வச்சேன்பா" என்றாள் சிந்து. இந்த வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மறுபடி விரிப்பைத் தூக்கினேன், பாடியது. மூடினேன், ஊமையாகிவிட்டது. நான் பார்க்கும்போது நல்ல பிள்ளை. பார்க்காதபோது சண்டித்தனம். இலாகாவில் இப்படிப்பட்ட லைனை எல்லோரும் என் தலையில் கட்டுவார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி 18

தனம் எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், தேங்காய்ச் சாதம் எல்லாம் செய்தாள். சிந்துவுக்குத் தாலிக் கயிறு மாற்றிக் கட்ட வேண்டிய நாள். மஞ்சள் கயிறு கோத்து வைத்திருந்தோம். அவள் "அப்புறம் மாத்திக்கிறேன்" என்றாள். அப்புறம் என்றால் எப்போது என்று கேட்டேன்.

"அவன் வந்தப்புறம்."

"அவனா? மாப்பிள்ளையை அவன் இவன்னு பேசுற பழக்கம் எங்கிருந்து வந்துச்சு?" என்று சத்தம் போட்டேன். "அவுக வந்தப்புறம்" என்று திருத்திச் சொன்னாள். அவ்வளவுதான், நல்ல நாளில் வேறு பேச்சு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு நான் சாய்ந்திருந்தபோது தனம் வந்து காலடியில் உட்கார்ந்தாள். "ஏங்க, ஆவணியில அனுப்பித்தான் ஆகணுமா? இன்னொரு மாசம் இருக்கட்டுமே. உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம்."

"நல்லாருக்க பொண்ணை உடம்பு சரியில்லைன்னு சொல்லி வச்சுக்கிட்டா ஊரு என்ன பேசும் தெரியுமா?"

தனம் காலி டம்ளரைக் கையில் எடுத்தாள். பிறகு, "நல்லாருக்கான்னு நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். பெண்களுக்கு மகளை அனுப்பும் நேரம் வந்தால் இப்படி ஏதாவது தோன்றும். இந்த இடத்தைத் தேடிப் பிடித்தவன் நான். நல்ல குடும்பம், சொந்தக் கடை, ஒரே பையன். அலைந்தவனுக்குத்தான் அருமை தெரியும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சம்பந்தியம்மா போன் செய்தார். செட் ஆயிற்றா என்றார். "பாட்டு இல்லாம காரு ஓட்ட முடியலைன்னு தம்பிக்கு ரெண்டு மாசமா ஒரே எரிச்சல். சிடுசிடுன்னே இருக்கான். அது சரியாயிட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்றார்.

எல்லாம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். இருபத்துநான்கு நாள். வெட்கம்தான். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டேன்.

நீல வயரை முழுதாக உருவி வெளியே எடுத்தேன். கண்ணுக்கு ஒரு கீறல் இல்லை. இரண்டு கையால் பிடித்து அரை அடி அரை அடியாக இழுத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் சவ்வுமிட்டாய் மாதிரி நீண்டது. உள்முறிவு. மேலே உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். வயர் நேராக இருக்கும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொள்ளும், கரண்ட் போகும். வளைந்தால் விலகும். இதைவிடக் கள்ளத்தனமான பழுது கிடையாது. இலாகாவில் புதிதாக வந்த பையன்கள் பலருக்கு வருடக்கணக்கில் பிடிபடாது.

இன்னும் இழுத்துப் பார்த்தேன். இரண்டாவது இடம் நீண்டது. அப்புறம் மூன்றாவது.

இது தானாக வரும் பழுது இல்லை. ஒரே இடத்தை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி நிமிர்த்திக்கொண்டே இருந்தால் செம்பு அலுத்துப்போய் அறுந்துவிடும், உறை தாங்கிக்கொள்ளும். இந்த வித்தை தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. பத்து வயதில் சிந்துவுக்கு ஒரு பழைய வயர்த் துண்டை வைத்து இதைக் காட்டிக்கொடுத்தேன். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஏழு துண்டு செய்து, எங்கே முறிவு கண்டுபிடி என்று என்னையே சோதித்தாள்.

டிரைவர் சீட் நகரும் தண்டவாளம் நசுக்கியதால் வயர் பழுது. அப்படித்தான் எழுதிக்கொள்கிறேன்.

புது வயர் போட்டேன். பழையதைப் போல அடியில் விடாமல் குழாய்க்குள் செலுத்தி, இறுக்கிக் கட்டி, யார் கையும் போகாதபடி மூடினேன். பத்துத் தடவை போட்டு அணைத்தேன். பத்துத் தடவையும் பாடியது. மாப்பிள்ளைக்குப் போன் செய்து, போனைக் கார் ஜன்னலில் நீட்டிக் கேட்கவைத்தேன். "சூப்பர் மாமா" என்றார். ஐந்து மாதத்தில் அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

திரும்பிப் பார்த்தால் சிந்து வாசற்படியில் நிற்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை. பாட்டை அணைக்கும் வரை இரண்டு கையாலும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாள். தலை ஆடிப் பிரியாணிக்கு அடுத்து இந்த வீட்டில் ஒரு விசேஷச் செய்தி வரும் போல என்று தனத்திடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். தனம் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இதை உள்ளபடி எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் தனம் கடைக்குப் போயிருந்தாள். நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சிந்து என் பழைய கட்டிங் பிளேயரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னுடையதுதான், பரணில் இருந்தது.

"அப்பா, புது வயரை எப்படிப் போட்டீங்க? எங்க தேடியும் கை போக மாட்டேங்குது."

துடைப்பதை நிறுத்தவில்லை நான். "எதுக்கு?"

"அறுக்கணும்."

அப்புறம் அவளே பேசினாள். அழவில்லை. கம்பத்தின் கீழே நின்று மேலே இருக்கும் எனக்கு எண் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

"வீட்டுக்குள்ள அடிக்க மாட்டான்பா. மாடியில குடியிருக்காக, கேக்கும். அவுகம்மா, 'வெளிய கூட்டிட்டுப் போய்ப் பேசிட்டு வா தம்பி'ம்பாக. கூட்டிட்டுப் போவான். பைபாஸ்ல ஓரமா நிறுத்திட்டு, கண்ணாடிய ஏத்திட்டு, பாட்டை முழுசா வைப்பான். பாட்டு ஆரம்பிச்சாலே எனக்குக் கை கால் உதற ஆரம்பிச்சிரும். வெளிய போறவுக பாத்தா, யாரோ பாட்டு கேட்டுக்கிட்டு இருக்காகன்னு போயிருவாக."

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"மே மாசம் உங்களுக்குப் போன் போட்டேன்ல. காருக்குள்ள இருந்துதான். அவன் டீ வாங்க இறங்குனான். பாட்டை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் இறங்குனான். காதுல அப்பதான் அடிச்சிருந்தான், ஒரே இரைச்சல், ரத்தம் வேற. அப்பா, வந்து கூட்டிட்டுப் போங்கன்னேன். நாலு தடவ சொன்னேன். நீங்க, பாட்டைக் குறைச்சுட்டுக் கூப்பிடுன்னு வச்சிட்டீங்க."

வாளியில் முக்கிய துணியைப் பிழியாமலே தூக்கினேன்.

"சரி, பாட்டைக் குறைச்சிருவோம்னு மறுநாளே அந்த வயரை முறிச்சேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே. தேனியில மூணு மெக்கானிக் பாத்தானுக, ஒருத்தனுக்கும் தெரியலை. அதுக்கப்புறம் அவன் கார்ல அடிக்கலைப்பா. கத்துனா வெளிய கேக்கும்ல. ரெண்டு மாசம் நிம்மதியா இருந்தேன். அதான் உங்ககிட்ட ரிப்பேருக்கு அனுப்புனான்."

துணி கையிலிருந்தது. தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடியது. "யோசிக்கணும்" என்று சொன்னேன். என் மகளிடம் நான் சொன்ன பதில் அதுதான். அவள் பிளேயரைக் கார் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

யோசித்தேன். ஊர், சம்பந்தி, பத்திரிகை வைத்து அழைத்த எழுநூறு பேர், நாளைக்கு யார் கேட்டால் என்ன சொல்வது. அவளைத் தவிர எல்லோரையும் யோசித்திருக்கிறேன் என்று எழுதும்போதுதான் தெரிகிறது.

ஒன்று ஞாபகம் வருகிறது. இலாகாவில் சேர்ந்த மூன்றாம் வருடம். கம்பத்தில் ஏறி ஒரு லைனைச் சோதித்தபோது ஒரு பெண் யாரிடமோ அழுதுகொண்டிருந்தாள். விட்டுருங்க, விட்டுருங்க என்றாள். குரல் தெளிவாக, இரைச்சல் இல்லாமல் வந்தது. இறங்கி வந்து புத்தகத்தில் 'லைன் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேச்சு கேட்டால் போதும், என்ன பேசுகிறார்கள் என்பது நமக்கு வேலையில்லை. அதுதான் விதி. அந்த விதியை வீடு வரை கொண்டுவந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தனத்திடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு முழுதாகக் கேட்டாள். ஆச்சரியப்படவில்லை.

"வந்த அன்னைக்குத் தலைக்கு ஊத்தும்போதே தெரியும். காதுக்குப் பின்னால, முதுகுல எல்லாம் தழும்பைப் பாத்தேன். அப்பாட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். 'அப்பாட்ட நான் அப்பவே சொல்லிட்டேன், அவருக்குக் கேக்கலை'ன்னா. உங்களுக்குத் தானா கேக்கட்டும்னு இருந்தேன். நீங்க வயரைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

ஆகஸ்ட் 16, சனி

சிந்துவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆட்டோவில். அந்தக் காரில் அவளை ஏற்ற மனம் வரவில்லை.

டாக்டர் உள்ளே வெளிச்சம் போட்டுப் பார்த்தார். இடது காது ஜவ்வில் ஓட்டை. சீழ் பிடித்து, அது பெரிதாகியிருக்கிறது. எப்போது அடிபட்டது என்றார். "மே பதினொண்ணு" என்றாள் சிந்து.

"அப்பவே வந்திருந்தா பெரும்பாலும் தானாவே மூடியிருக்கும்மா. இப்ப ஆபரேஷன்தான். அப்பவும் கேக்குற சக்தி பழையபடி முழுசா வருமான்னு என்னால சொல்ல முடியாது." என்னைப் பார்த்து, "இத்தனை நாள் என்ன சார் பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்.

கார் செட் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

பதினொரு மணிக்கு மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். தனம் தண்ணீர் கொடுத்தாள். காபி போடவில்லை. நான் சாவியை டீப்பாய்மேல், அவர் வைத்த அதே இடத்தில் வைத்தேன்.

"செட்டு பாடுது. பாத்துக்குங்க."

போய்ப் போட்டுப் பார்த்தார். இங்கே உட்கார்ந்திருந்த எங்கள் நெஞ்சு அதிர்ந்தது. திருப்தியாக வந்தார். "சிந்து கிளம்பியாச்சா? நல்ல நேரத்துல போயிரலாம்."

"ரெண்டையும் எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டுப் போனீங்க. காரை எடுத்துக்கிட்டுப் போங்க. என் பொண்ணு வர மாட்டா."

முதலில் சிரித்தார். பிறகு என்னென்னவோ பேசினார். சம்பந்தியம்மா, "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கத்தாண்ணே செய்யும், அதுக்காகப் பொட்டப்பிள்ளைய வீட்டுல வச்சுக்குவீகளா?" என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். நான் வாசித்தேன். சத்தமாக, தெருவுக்குக் கேட்கும்படி வாசித்தேன். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது, திறக்கட்டும் என்று தேதியை இரண்டாம் முறை வாசித்தேன். திங்கட்கிழமை மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறோம் என்றும் சொன்னேன்.

சிந்து அறையிலிருந்து வந்து தனத்தின் பக்கத்தில் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. "நான் வரலை" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார். காரைக் கிளப்பி, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்து, தெருவில் மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். முனை திரும்பி மெயின் ரோடு போகும் வரை கேட்டது. இரைச்சல் இல்லை, விட்டு விட்டு வரவில்லை. நான் போட்ட வயர்.

"அந்த வயரையாவது அறுத்துக் குடுத்திருக்கக் கூடாதா?" என்றாள் தனம். "நாளைக்கு வேற எவளாவது அந்த சீட்டுல உக்காருவாளே."

எனக்கு அது தோன்றவே இல்லை. நேற்று முழுக்கக் கார் வாசலில் நின்றது. பிளேயர் அதன் மேலேயே கிடந்தது. காலையில் பிளேயரை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு, காரை ஒரு தடவை துடைத்தேன். பழுதோடு ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லாத கை. அந்தக் கையை என்ன செய்வது.

சாயங்காலம் சிந்து வந்து என் வலப் பக்கம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து இடப் பக்கம் மாறி உட்கார்ந்தாள், நல்ல காது என் பக்கம் இருக்கும்படி. நான் ஏதாவது பேசுவேன் என்று நினைத்தாள் போல. அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

இலாகா வழக்கப்படி எழுதி முடிக்கிறேன். புகார் வந்த நாள் மே 11. கவனித்த நாள் ஆகஸ்ட் 17. நிலுவை தொண்ணூற்றெட்டு நாள். தாமதத்துக்குக் காரணம் என்று புத்தகத்தில் ஒரு கட்டம் உண்டு. மழை, கேபிள் திருட்டு, வீடு பூட்டியிருந்தது என்று ஏதாவது எழுதுவோம். அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.